பன்னிரண்டு மணித்தியாலத்தில் பதினொரு வரி

வாசகர் கடிதம் (சுருக்கியிருக்கிறேன், அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன்):

"அன்புள்ள அக்கா, எனக்கு 27 வயது. சொந்த இடம் மட்டக்களப்பு. கிளிநொச்சியில் போடிங் எடுத்துத் தங்கி முதுதத்துவமாணிப் பட்டத்துக்கு ஆய்வு செய்கிறேன். வந்து 14 மாதம். உவர் மண்ணைத் தாங்கக்கூடிய நெல் இனங்கள் பற்றிய வேலை. வலைக்கூடத்தில் 60 சாடி இருக்கிறது. சனி, ஞாயிறும் தண்ணீர் விடவேண்டும், அதனால் மாதத்தில் ஒருதடவைதான் வீட்டுக்குப் போவேன். வெள்ளிக்கிழமை பின்னேரத்தோடு மாணவர்கள் எல்லாரும் பையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். திங்கள் காலைவரை கதைக்க ஆளில்லை. சனிக்கிழமை 9 மணிக்குத் தண்ணீர் விட்டு அறைக்கு வந்தால் இரவு 9 மணிவரை லப்டொப் திறந்தபடி இருக்கும். போன சனிக்கிழமை நான் எழுதியது 11 வரி. நடுவில் போனில் சிநேகிதிகளின் படங்களைப் பார்ப்பேன், ஒருத்தி மெல்பேர்ணில், ஒருத்தி லண்டனில். எனக்குப் பறவைகளை வரைவதில் விருப்பம். ஒருநாள் கொப்பியை மேற்பார்வையாளர் கண்டுவிட்டு 'இதுக்கெல்லாம் நேரம் கிடைக்குதோ பிள்ளைக்கு?' என்று சிரித்தார். அன்றோடு கொப்பி பெட்டிக்குள் போய்விட்டது. போடிங் அம்மா தனியாள், 2009இல் மகனை இழந்தவர். சனிக்கிழமைகளில் தேங்காய் துருவ வா, கோயிலுக்கு வா என்று கூப்பிடுவார். படிக்க இருக்குது என்று சொல்லிவிடுவேன். அவருடைய இழப்புக்கு முன்னால் என் சனிக்கிழமை ஒரு கவலையா என்று வெட்கமாகவும் இருக்கிறது. நான் சோம்பேறியா அக்கா, இல்லையென்றால் எனக்கு ஏதும் வருத்தமா?"

தங்கச்சி,

கடிதத்தோடு உங்கள் கொப்பியின் ஒரு பக்கத்தைப் படமெடுத்து அனுப்பியிருக்கிறீர்கள். முதலில் அதைத்தான் பார்த்தேன். சின்னக் கொக்கு. கறுத்தச் சொண்டு, கறுத்தக் கால், பாதம் மட்டும் மஞ்சள். வயலில் மாட்டுக்குப் பின்னால் திரிகிற உண்ணிக்கொக்கோடு பலர் இதை மாறிப் பார்ப்பார்கள். உங்களுக்கு அந்தக் குழப்பம் இல்லை. பாதத்துக்குப் பக்கத்தில் அம்புக்குறி போட்டு, 'சேத்துக்குள்ள காலை நடுக்கி மீனை எழுப்புது' என்று பென்சிலால் எழுதியிருக்கிறீர்கள். ஒரு கொக்கின் பாதம் என்ன செய்கிறது என்று இவ்வளவு நேரம் நின்று பார்த்த ஆள் என்னிடம் 'நான் சோம்பேறியா' என்று கேட்கிறார். இல்லை. அந்தக் கேள்வியை இதோடு விடுவோம்.

வருத்தமா, ஏதும் நோயா என்ற கேள்விக்குக் கடைசியில் வருகிறேன். அதை விளையாட்டாக எடுக்கவில்லை.

உங்கள் சனிக்கிழமையைக் கொஞ்சம் கிட்ட வைத்துப் பார்ப்போம். 'சனியும் எனக்கு வேலைநாள்தான்' என்ற நினைப்பு கடிதம் முழுக்க ஓடுகிறது. ஆனால் நீங்களே தந்த கணக்கின்படி சாடி வேலை காலை 9 மணிக்கே முடிந்துவிடுகிறது. மிச்சப் பன்னிரண்டு மணித்தியாலத்தில் 11 வரி. அது வேலையும் இல்லை, ஓய்வும் இல்லை. லப்டொப் திறந்திருப்பதால் வெளியே போக மனம் விடாது. மனம் வெளியே நிற்பதால் எழுத வராது. இரண்டுக்கும் நடுவில் போன். பட்டப்பின் படிப்பில் இருக்கிற பலர் இந்த இடத்தில்தான் மாட்டுப்படுகிறார்கள், ஏனென்றால் இந்தப் படிப்புக்கு மணி அடிப்பதில்லை. பள்ளிக்கூடத்துக்கு மணி உண்டு, கந்தோருக்கு நாலரை மணி உண்டு. ஆய்வுக்கு எந்த நேரத்திலும் 'இன்னும் கொஞ்சம் செய்திருக்கலாம்' என்ற ஒரு குரல் உண்டு. நீங்கள் சோறு சாப்பிடும்போதும் அது பக்கத்தில் குந்திக்கொண்டிருக்கும்.

எனக்கும் இது நடந்தது. நான் முதுமாணி செய்த காலத்தில் வவுனியாவில் ஒரு சின்ன அறை. எட்டு மாதம், கிழமைக்கு ஏழு நாளும் வேலை செய்கிறேன் என்று பெருமையாகச் சொல்லித் திரிந்தேன். 112 நேர்காணல்களைக் கணினியில் ஏற்றி முடித்த பிறகுதான் தெரிந்தது, ஒரு கேள்விக்கு ஆம் என்பதற்கு 1 போடவேண்டிய இடத்தில் பாதிக்கு மேல் 0 போட்டிருக்கிறேன். எல்லாம் ஞாயிறு இரவுகளில் ஏற்றியவை. திரும்ப முதலில் இருந்து ஏற்றினேன். அந்தக் கோபத்தில் ஒரு சனிக்கிழமை முழுக்கத் தூங்கினேன், எட்டு மாதத்தில் உருப்படியாகச் செய்த காரியம் அதுதான் என்று இப்போது தோன்றுகிறது.

2018இல் ஒரு ஆய்வு வந்தது. 26 நாடுகளில் 2,279 பட்டப்பின் மாணவர்களிடம் கேட்டார்கள், பெரும்பாலானவர்கள் கலாநிதிப் பட்டத்துக்குப் படிப்பவர்கள். நூற்றுக்கு 39 பேர் அளவில் மிதமானது முதல் கடுமையானது வரையான மனச்சோர்வு காட்டினார்கள். பதகளிப்பு, அதாவது ஓயாத பதற்றம், நூற்றுக்கு 41 பேருக்கு. விரும்பியவர்கள்தான் பதில் அனுப்பினார்கள் என்பதால் இந்த எண்களை அப்படியே எல்லாருக்கும் பொருத்த முடியாது. ஆனால் அதில் ஒரு விஷயத்தை நான் நம்புகிறேன், உளநல ஆலோசனைக்கு என் அறைக்கு வருகிறவர்களிடமும் அதைக் கண்டிருக்கிறேன். பதகளிப்பு இருந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோர், வேலைக்கும் வாழ்க்கைக்கும் நடுவில் தங்களுக்கு நல்ல சமநிலை இருக்கிறது என்பதை ஒத்துக்கொள்ளவில்லை. பரீட்சை கடினம், பாடம் கடினம் என்று என்னிடம் வந்து அழுதவர்கள் குறைவு. 'எனக்கு ஞாயிற்றுக்கிழமை இல்லை மிஸ்' என்று அழுதவர்கள் கூட.

ஆகவே முதல் வேலை: சனி 9 மணிக்கு அறைக்கு வந்ததும் லப்டொப்பைத் திறக்கவேண்டாம். பையில் இருந்து வெளியே எடுக்கவே வேண்டாம். எழுத்துக்கு ஞாயிறு காலை 8 மணியில் இருந்து 11 மணி வரை கொடுங்கள், அதற்கு மேலும் வேண்டாம். மூன்று மணித்தியாலத்தில் 11 வரிக்குக் கூட எழுதுவீர்கள் என்று பந்தயம் கட்டுவேன். முதல் இரண்டு சனிக்கிழமையும் கையும் காலும் பதறும், ஏதோ திருட்டு வேலை செய்கிறதுபோல இருக்கும். அது அடங்க மூன்று நாலு கிழமை எடுக்கும். மனம் தெளிந்த பிறகு வெளியே போகலாம் என்று காத்திருந்தால் அந்த நாள் வராது. முதலில் கால் போகவேண்டும், மனம் பின்னால் வரும். எங்கள் தொழிலில் மனச்சோர்வுக்கு இதை ஒரு சிகிச்சையாகவே செய்கிறோம்.

சரி, வெளியே என்றால் எங்கே, யாரோடு? உங்கள் கடிதத்தில் சொல்லாமல் விட்ட ஒன்று இருக்கிறது என்று நினைக்கிறேன். மாணவர்களுக்குச் செய்முறை வகுப்பு எடுக்கிறீர்கள், அதனால் அவர்களுக்கு நீங்கள் 'மிஸ்'. விரிவுரையாளர்களுக்கு நீங்கள் 'பிள்ளை'. மிஸ்ஸோடு யாரும் கன்ரீனில் இருந்து பம்பல் அடிக்க மாட்டார்கள். பிள்ளையை யாரும் தங்கள் மேசைக்குக் கூப்பிட மாட்டார்கள். போதாததற்கு, நீங்கள் உங்கள் ஊர்ப் பேச்சில் 'மறுகா' என்று தொடங்கினால் ஒரு வகுப்பே சிரித்திருக்கும். (எனக்கு அந்தச் சொல் நல்ல விருப்பம். 'பிறகு' என்பதைவிட அதில் ஒரு இழுவை இருக்கிறது.) உங்களுக்குச் சினேகம் அந்த வளவுக்குள் கிடைக்காமல் போவது உங்கள் குணத்தால் இல்லை, நீங்கள் நிற்கிற இடம் அப்படி.

வளவுக்கு வெளியே பாருங்கள். கிளிநொச்சி ரவுணில் வெள்ளிக்கிழமை எல்லாரும் போய்விடுவதில்லை. வேறு மாவட்டங்களில் இருந்து மாற்றலாகி வந்த ஆசிரியைகள், தாதியர், வங்கியில் வேலை செய்கிற பிள்ளைகள், விவசாயப் போதனாசிரியர்கள் என்று அரைவாசிப் போடிங்குகள் இப்படியான ஆட்களால் நிறைந்திருக்கின்றன. அவர்களுக்கும் வீடு தூரம். அவர்களும் சனிக்கிழமை உடுப்புத் தோய்த்துக் காயப்போட்டுவிட்டுக் கொடியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

அவர்களோடு 'சினேகமாவது எப்படி' என்று யோசித்துக் குழம்பவேண்டாம். அமெரிக்காவில் கன்சாஸ் பல்கலைக்கழகத்து ஆய்வாளர் ஜெஃப்ரி ஹோல் ஒரு கணக்குப் பார்த்தார், 2018இல் வெளிவந்தது. புது ஊருக்கு வந்தவர்களையும் முதலாம் வருட மாணவர்களையும் வைத்துப் பார்த்ததில், தெரிந்த ஆள் ஒருவர் சாதாரணச் சினேகிதர் ஆக ஏறத்தாழ 50 மணித்தியாலம், சினேகிதர் ஆக 90, நெருங்கிய கூட்டாளி ஆக 200க்கு மேல். அதோடு, வேலையிடத்தில் சேர்ந்திருந்த நேரம் அவ்வளவாகக் கணக்கில் ஏறவில்லை. ஆய்வுகூடத்தில் பக்கத்துப் பக்கத்தில் நின்று ஒரு வருடம் மண் உலர்த்தினாலும் சினேகம் வராததற்கு அது காரணமாக இருக்கலாம். எங்கள் ஊருக்கு இந்த எண்கள் அப்படியே பொருந்துமோ தெரியாது, இங்கே ஒரு பிளேன்ரீயோடு பாதித் தூரம் போய்விடுவோம். ஆனாலும் கிழமைக்கு இரண்டு மணித்தியாலம் என்றால் 50க்கே அரை வருடம். மூன்று தரம் போய்ப் பார்த்துவிட்டு 'எனக்கு இங்கே ஒருவரோடும் ஒத்துவராது' என்று முடிவெடுப்பது அவசரம்.

இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு போடிங் அம்மாவிடம் வருவோம். 14 மாதத்தில் நீங்கள் ஊருக்குப் போன கிழமைகளைக் கழித்தால் 45 சனிக்கிழமை அளவில் இங்கே இருந்திருக்கிறீர்கள். அத்தனை தரமும் கதவுக்கு வெளியே ஒருவர் நின்று கூப்பிட்டிருக்கிறார். கூப்பிட்ட நேரமெல்லாம் இரண்டு மணித்தியாலம் போயிருந்தால் 90. அந்த ஆய்வாளரின் கணக்கில் நீங்கள் இப்போது சினேகிதிகள். 'கதைக்க ஆளில்லை' என்று எழுதின அதே கடிதத்தில் இதையும் எழுதியிருக்கிறீர்கள், அதனால் சொல்கிறேன், கோபிக்கவேண்டாம்.

தேங்காய் துருவ இரண்டாவது ஆள் தேவையில்லை தங்கச்சி. தனியாள் வைக்கிற சொதிக்குப் பாதித் தேங்காய் போதும், திருவலையில் குந்தினால் ஐந்து நிமிடம். அவர் தேங்காய்க்காகக் கூப்பிடவில்லை. வன்னியில் நான் வேலைக்குப் போகிற எத்தனையோ வீடுகளில் கிழமை நாள் எப்படியோ ஓடிவிடும். பள்ளிக்கூடம் விட்டு அயல் பிள்ளைகள் போகும், சங்கக் கூட்டம் இருக்கும், மீன்காரர் வருவார். ஓய்வு நாளில்தான் வீடு வெறிக்கும். உங்கள் சனிக்கிழமையும் அவருடைய சனிக்கிழமையும் ஒரே கூரைக்குக் கீழே, நடுவில் ஒரு கதவு.

அவருடைய இழப்புக்கு முன்னால் உங்கள் கவலை ஒரு கவலையா என்று கேட்டீர்கள். இந்தக் கேள்வியை இங்கே வேலைக்கு வருகிற வெளியூர்ப் பிள்ளைகள் பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். தராசில் வைத்துப் பார்த்தால் உங்களுடையது சின்னது, அதில் என்ன சந்தேகம். ஆனால் அது சின்னது என்பதால் இல்லாமல் போகாது. அதை வெட்கத்தால் மூடி வைத்ததில் ஒரு நட்டம் நடந்திருக்கிறது. அந்த அம்மாவை நீங்கள் ஒரு பெரிய துக்கமாக மட்டும் பார்க்கத் தொடங்கிவிட்டீர்கள். அவர் மிளகாய்க் கன்று வைப்பார், நாடகம் பார்த்து வில்லியைத் திட்டுவார், ஆரோ ஒருவரைப் பற்றி வம்பு சொல்லிச் சிரிப்பார். அதையெல்லாம் பார்க்கப் போங்கள். மகனைப் பற்றி நீங்களாகக் கேட்கவேண்டாம். கை வேலையாக இருக்கிற நேரத்தில், சொல்லவேண்டும் என்று வந்தால், அவராகச் சொல்லுவார். அப்போது ஆறுதல் வசனம் ஒன்றும் தேடாமல் கையில் இருக்கிற தேங்காயைத் துருவிக்கொண்டிருங்கள்.

கோயிலுக்குக் கூப்பிடுவதையும் 'நேரவிரயம்' என்று தள்ளவேண்டாம். சாமி நம்பிக்கை உங்கள் விருப்பம், நான் சொல்வது வேறு. வைகாசியில் மட்டக்களப்பில் கண்ணகை அம்மனுக்குக் குளிர்த்திச் சடங்கு நடக்கும்போது இங்கே வற்றாப்பளையில் அதே அம்மனுக்குப் பொங்கல். முல்லைத்தீவுக் கடலில் இருந்து எடுத்துவருகிற உப்புநீரில் விளக்கெரிப்பது அந்தக் கோயிலின் வழக்கம். உப்போடு மல்லுக்கட்டி நெல் வளர்க்கிற பிள்ளை அந்த விளக்கைப் போய்ப் பார்க்காமல் இருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. அம்மாவுக்கு உங்கள் ஊர்க் குளிர்த்தியைப் பற்றிச் சொல்லுங்கள். அவர் கேட்காத கதையாக இருக்கும்.

இனிக் கொப்பி. அதைப் பெட்டிக்குள் இருந்து எடுங்கள். கொக்கின் மஞ்சள் பாதத்தைக் காண்கிற கண்தான் உப்பில் நெல் இலையின் நுனி வெளுக்கத் தொடங்குவதையும் முதலில் காணும் என்று எழுத நினைத்தேன். உண்மையும் அதுதான். ஆனால் அப்படிச் சொன்னால் கொப்பியும் ஆய்வுக்கு ஊழியம் செய்யப் போய்விடும். விருப்பமாக இருக்கிறது என்பதே போதும்.

இரணைமடுக் குளத்துக்குப் போகலாம், உங்களுக்குக் கிட்டத்தான். பின்னேரம் வேண்டாம். குளக்கட்டில் பின்னேரம் குடும்பங்களும் வரும், கூட்டமாக நின்று விசிலடிக்கிற பெடியங்களும் வருவார்கள். தனியே ஸ்கூட்டியில் போன பெண்பிள்ளை என்று நாலு கதையும் வரும். இது நியாயமா என்று கேட்டால் இல்லை. அதற்காக 'துணிந்து தனியே போ' என்று இங்கே இருந்து எழுதுவது எனக்குச் சுகம், போகிறது நீங்கள். ஞாயிறு காலை ஆறரைக்குப் போங்கள், அதற்குள் மீன்பிடிக்காரர் கரைக்கு வந்துவிடுவார்கள். அயலில் ஏழாம் எட்டாம் வகுப்புப் படிக்கிற பெட்டைகள் இரண்டு பேரைத் தாய்மாரிடம் கேட்டுக் கூட்டிக்கொண்டு போங்கள். கொப்பியும் பென்சிலும் அவர்களுக்கும் ஒன்று. மழை முடிந்து குளம் வான் பாய்ந்த பிறகு கூழைக்கடா, மஞ்சள்மூக்கு நாரை, சிறகை விரித்துக் காயப்போட்டபடி நிற்கிற நீர்க்காகம், எல்லாம் கிடைக்கும். எட்டு மணிக்கு முன்னம் வீட்டுக்கு வந்துவிடலாம், எழுத்து வேலைக்கும் நேரம் பிந்தாது. உங்கள் சாடிகளுக்கு அன்றைக்கு எழுத்து முடிந்த பிறகு தண்ணீர் விட்டால் கெட்டுப்போகுமா என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

பெரிய பயணத்துக்கு சுண்டிக்குளம் இருக்கிறது. 1938இல் பறவைகள் சரணாலயமாக அறிவித்து, 2015இல் தேசிய பூங்காவாக்கிய இடம். ஒக்டோபரில் இருந்து மார்ச் வரை வலசைப் பறவைகள் நிற்கும், வாய்த்தால் பூநாரையும் காணலாம். நாலைந்து பேர் சேர்ந்து வான் பிடித்துப் போகவேண்டிய தூரம். மாற்றலாகி வந்த ஆசிரியைகள் என்று சொன்னேனே, அவர்களைக் கேட்டுப் பாருங்கள். சும்மா 'எங்கேயாவது போவோமா' என்று கேட்டால் யாரும் வரமாட்டார்கள். 'பூநாரை பார்க்கப் போறம், ஒரு இடம் இருக்கு, ரோல்ஸ் நான் வாங்குறன்' என்று கேட்டால் வருவார்கள். ஜனவரி நடுப்பகுதியில் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு என்று ஒன்று 1987இல் இருந்து நடக்கிறது, குளங்களிலும் களப்புகளிலும் பறவைகளை எண்ணி எழுதுவார்கள். அதைச் சாட்டி ஒரு குழு சேர்க்கலாம்.

மேற்பார்வையாளரைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. அவர் பகிடிக்குச் சொல்லியிருப்பார், சொன்ன மறுநிமிடம் மறந்திருப்பார். நீங்கள் அதை மாதக்கணக்கில் சுமக்கிறீர்கள். கொப்பியைப் பற்றி அவரிடம் விளக்கம் சொல்லவேண்டியதில்லை. அவரிடம் கேட்கவேண்டியது வேறு: மாதத்தில் இன்னொரு சனி ஞாயிறுக்குச் சாடிகளைப் பார்க்க மாற்று ஆள் ஒழுங்கு செய்யலாமா என்று. உங்களைப்போல வலைக்கூடத்தில் சாடி வைத்திருக்கிற இன்னொரு மாணவர் இருப்பார். அவருடைய சாடிக்கு நீங்கள் ஒரு கிழமை, உங்களுடையதற்கு அவர் ஒரு கிழமை. எந்தச் சாடிக்கு எவ்வளவு உப்புநீர் என்று ஒரு தாளில் எழுதிக் கம்பியில் கட்டிவிடுங்கள், வாயால் சொன்னால் பிழைக்கும்.

மெல்பேர்ண், லண்டன் சிநேகிதிகளின் படங்களை சனிக்கிழமை பார்க்கவேண்டாம். புதன்கிழமை பாருங்கள், அவ்வளவு சுடாது.

இப்போது அந்தக் கடைசிக் கேள்வி. நீங்கள் எழுதியதை வைத்துப் பார்க்கும்போது எனக்குத் தனிமையும் களைப்பும்தான் தெரிகிறது. ஆனால் கடிதத்தில் தெரியாத விஷயங்களும் உண்டு. இரண்டு கிழமைக்கு மேலாக, கிட்டத்தட்ட ஒவ்வொரு நாளும், மனம் இருண்டு கிடக்கிறதா? பறவை, சாப்பாடு, வீட்டு ஆட்களின் கோல் என்று முன்பு விருப்பமாக இருந்த எதிலும் விருப்பம் இல்லையா? நித்திரை குழம்பிவிட்டதா? இருந்து என்ன பயன் என்ற நினைப்பு வருகிறதா? இவற்றில் ஏதும் இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக் குளக்கட்டு போதாது. மாவட்ட வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குப் போங்கள், காய்ச்சலுக்குப் போகிறதுபோலத்தான். இரவில் தாங்க முடியாமல் வந்தால் 1926க்கு அழையுங்கள், அது தேசிய மனநல உதவி இலக்கம், தமிழில் கதைக்கலாம்.

ஒன்று மறந்துவிட்டேன். அடுத்த தரம் ஊருக்குப் போய் வரும்போது போடிங் அம்மாவுக்கு ஒரு சட்டி எருமைத் தயிர் கொண்டுவாருங்கள். மட்டக்களப்புத் தயிர் என்றால் இங்கே தனி மதிப்பு. பஸ்ஸில் மேலே தட்டில் வைக்கவேண்டாம், மன்னம்பிட்டி வருவதற்கு முன்னமே யாரோ ஒருவருடைய தலையில் ஊற்றும். பழைய சீலைத்துண்டால் வாயைக் கட்டி மடியில் வைத்துக்கொண்டு வாருங்கள்.

அன்புடன்,
அக்கா